மலேசியாவில் கார் சாலை வரி: தொகையைக் கணக்கிடுவது முதல் புதுப்பித்து முடிப்பது வரை

"ரோட் டாக்ஸ் முடியப் போகிறது, எடுத்துவிட வேண்டும்" என்று ஆண்டுக்கொரு முறை நம் வீடுகளில் பேச்சு எழும்போது, அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு தனித்தனிக் கடமைகள் அடங்கியிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒன்று, ஜே.பி.ஜே. என்று நாம் அழைக்கும் சாலைப் போக்குவரத்து இலாகாவுக்குச் செலுத்தும் வரி. மற்றொன்று, காப்புறுதி நிறுவனத்துக்குச் செலுத்தும் பிரீமியம். 1,500 சிசி கார் வைத்திருப்பவருக்கு வரி ஆண்டுக்கு 90 ரிங்கிட் மட்டுமே. பிரீமியம் ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டுவது வழக்கம். பணம் வீணாவதும், விபத்து நேர்ந்த பிறகு "தெரியாமல் போய்விட்டதே" என்று வருந்த நேர்வதும் பெரும்பாலும் இந்த இரண்டாவது பகுதியில்தான். எங்கள் குடும்பத்தின் மூன்று கார்களுக்கும் பல ஆண்டுகளாக நானே புதுப்பித்து வருகிறேன். அதில் பட்டறிந்தவற்றையும் சேர்த்து, தனிநபர் பெயரில் உள்ள கார்களுக்கான முழு நடைமுறையையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

சட்டப்படி இது என்ன?

நாம் சாலை வரி என்று சொல்வதற்குச் சட்டத்தில் உள்ள பெயர் மோட்டார் வாகன உரிமம். மலாய் மொழியில் அதன் சுருக்கம் எல்.கே.எம். 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம், அதாவது 333ஆவது சட்டம், உரிமம் இல்லாத வாகனத்தைச் சாலையில் பயன்படுத்தக் கூடாது என்கிறது. அதே சட்டத்தின் 90ஆவது பிரிவு, மூன்றாம் தரப்பினருக்கான காப்புறுதி இல்லாமல் வாகனத்தை ஓட்டுவதையும் ஓட்ட விடுவதையும் குற்றமாக்குகிறது. அதற்கு 1,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஓட்டுநர் உரிமத்தை 12 மாதங்களுக்கு இழக்கவும் நேரிடும்.

காப்புறுதி இல்லாமல் சாலை வரியைப் புதுப்பிக்க முடியாது என்பதால், இரண்டும் பெரும்பாலும் ஒரே நாளில் தொடங்கி ஒரே நாளில் முடிகின்றன. ஆகவே, சாலை வரி முடிந்ததை மறந்துவிட்டு ஒரு வாரம் வண்டி ஓட்டுபவர், அந்த ஒரு வாரமும் காப்புறுதியே இல்லாமல் ஓட்டுகிறார். வழியில் போலீஸ் நிறுத்தினால் ஒரு சம்மனோடு போய்விடும் என்று நினைத்து அலட்சியமாக இருப்பவர்கள், அந்த நாள்களில் ஒரு மோட்டார் சைக்கிளோட்டியை இடித்துவிட்டால் அவருடைய மருத்துவச் செலவும் இழப்பீடும் தம் தலையில்தான் விழும் என்பதை ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தொகை எப்படி வருகிறது?

பெட்ரோல் காருக்கான வரியை நான்கு விவரங்கள் முடிவு செய்கின்றன: இயந்திரத்தின் கொள்ளளவு, அதாவது சிசி, காரின் வகை, பதிவான பெயர் தனிநபருடையதா, நிறுவனத்துடையதா என்பது, கார் இருப்பது தீபகற்ப மலேசியாவிலா, சபா சரவாக்கிலா என்பது. காரின் விலைக்கும் வயதுக்கும் இதில் இடமில்லை. புதிய கார் என்றாலும் இருபது வயதான கார் என்றாலும் சிசி ஒன்றாக இருந்தால் வரியும் ஒன்றே.

தீபகற்பத்தில் தனிநபர் பெயரில் உள்ள செடான், ஹேட்ச்பேக் போன்ற சாதாரண கார்களுக்கு ஓராண்டு வரி இது:

1,000 சிசி வரை: 20 ரிங்கிட்
1,001 முதல் 1,200 வரை: 55 ரிங்கிட்
1,201 முதல் 1,400 வரை: 70 ரிங்கிட்
1,401 முதல் 1,600 வரை: 90 ரிங்கிட்
1,601 முதல் 1,800 வரை: 200 ரிங்கிட், அத்துடன் 1,600க்கு மேற்பட்ட ஒவ்வொரு சிசிக்கும் 40 சென்
1,801 முதல் 2,000 வரை: 280 ரிங்கிட், 1,800க்கு மேல் சிசிக்கு 50 சென்
2,001 முதல் 2,500 வரை: 380 ரிங்கிட், 2,000க்கு மேல் சிசிக்கு 1 ரிங்கிட்
2,501 முதல் 3,000 வரை: 880 ரிங்கிட், 2,500க்கு மேல் சிசிக்கு 2 ரிங்கிட் 50 சென்
3,000க்கு மேல்: 2,130 ரிங்கிட், 3,000க்கு மேல் சிசிக்கு 4 ரிங்கிட் 50 சென்

ஓர் எடுத்துக்காட்டு. காரின் கொள்ளளவு 1,798 சிசி என்றால், 1,600ஐக் கழிக்க மிஞ்சுவது 198. அதை 40 சென்னால் பெருக்கினால் 79 ரிங்கிட் 20 சென். அடிப்படைத் தொகையான 200ஐச் சேர்த்தால் 279 ரிங்கிட் 20 சென். இவ்வளவுதான் கணக்கு.

1,600 சிசியில் இருக்கும் திடீர் ஏற்றத்தைக் கவனியுங்கள். 1,600 வரை 90 ரிங்கிட். ஒரே ஒரு சிசி கூடினால் 200 ரிங்கிட் 40 சென். 2,500ஐத் தாண்டிய பிறகு ஏற்றம் இன்னும் செங்குத்தாகிவிடுகிறது. 3,498 சிசி கார் ஒன்றுக்கு ஆண்டு வரி 4,371 ரிங்கிட் ஆகும். பத்து, பன்னிரண்டு ஆண்டு ஓடிய பெரிய ஆடம்பரக் கார்கள் பழைய கார் கடைகளில் ஒரு புதிய சிறிய காரின் விலைக்கே கிடைப்பதைப் பார்த்து ஆசைப்படும் இளைஞர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கணக்கைத்தான். விலை இறங்கிவிட்டது, வரி இறங்கவில்லை. முன்பணம் கொடுக்கும் முன் பதிவுச் சான்றிதழில் சிசி எவ்வளவு என்று பார்த்து, காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

இந்த முறை இன்றைய இயந்திரங்களுக்குப் பொருந்தவில்லை என்பது என் கருத்து. டர்போ பொருத்திய 1,500 சிசி இயந்திரம், டர்போ இல்லாத 2,000 சிசி இயந்திரத்துக்கு இணையான ஆற்றலைத் தந்துவிட்டு 90 ரிங்கிட்டோடு நின்றுவிடுகிறது. பழைய 2,500 சிசி காரை வைத்துக்கொண்டு காலம் தள்ளும் ஓய்வூதியர் 880 ரிங்கிட் வரை கட்டுகிறார். வாங்குபவர் இதைத் தமக்குச் சாதகமாக்கிக்கொள்வதில் தவறில்லை.

எம்.பி.வி., எஸ்.யு.வி. வகை வாகனங்களுக்கு வேறு பட்டியல் உண்டு. 1,000 சிசி வரை அதே 20 ரிங்கிட். 1,200 வரை 85, 1,400 வரை 100, 1,600 வரை 120 ரிங்கிட். 1,601 முதல் 1,800 வரை 300 ரிங்கிட்டில் தொடங்கிச் சிசிக்கு 30 சென் கூடும். அதற்கு மேல் இந்த வீதமும் ஏறும். ஆனால் 2,500 சிசியை எட்டும்போது இரண்டு பட்டியல்களும் இடம் மாறியிருக்கின்றன: சாதாரண கார் 880 ரிங்கிட்டை எட்டும் அந்த அளவில் இந்த வகை 840 ரிங்கிட்டில்தான் நிற்கிறது. 3,000 சிசியில் இந்த வகைக்கு 1,640 ரிங்கிட். சாதாரண காருக்கு 2,130. உங்கள் வாகனம் எந்த வகையில் பதிவாகியிருக்கிறது என்பதைத் தோற்றத்தை வைத்து ஊகிக்காமல், 'கிராண்ட்' என்று நாம் சொல்லும் பதிவுச் சான்றிதழைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சபா, சரவாக்கில் வரி குறைவு. 1,401 முதல் 1,600 சிசி வரையிலான சாதாரண காருக்கு அங்கே 72 ரிங்கிட். நிறுவனத்தின் பெயரில் பதிவான காருக்கோ தீபகற்பத்தில் தனிநபர் கட்டுவதைப் போல இரு மடங்கும் அதற்கு மேலும் ஆகும்: 1,401 முதல் 1,600 சிசி வரை 180 ரிங்கிட், 3,000 சிசிக்கு 6,010 ரிங்கிட். கடை நடத்துபவர்கள் காரைக் கம்பெனி பெயரில் எழுதலாமா என்று யோசிக்கும்போது இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மின்சாரக் கார்களுக்குச் சிசி கிடையாது. மோட்டாரின் ஆற்றல் கிலோவாட்டில் அளக்கப்படுகிறது. 2022 முதல் 2025 டிசம்பர் 31 வரை அவற்றுக்கு முழு விலக்கு இருந்தது. 2026 ஜனவரி முதல் நாளிலிருந்து புதிய கட்டண முறை வந்துவிட்டது. மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள், முன்பு கட்டவில்லையே என்ற நினைப்பில் இருந்துவிடக் கூடாது.

முதல் படி: முடியும் நாளைத் தெரிந்துகொள்ளுங்கள்

முன்பெல்லாம் இது ஒரு வேலையே அல்ல. முன்கண்ணாடியின் மூலையில் வட்டமான தாள் ஒட்டியிருக்கும். வண்டியில் ஏறும்போதெல்லாம் தேதி கண்ணில் படும். ஆண்டு தோறும் பழையதைச் சவர பிளேடால் சுரண்டி எடுத்து, பசை போகத் துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, புதியதைச் சுருக்கம் விழாமல் ஒட்டுவதில் என் தந்தையார் காட்டிய கவனம் இப்போதும் நினைவிருக்கிறது. 2023 பிப்ரவரி 10ஆம் தேதி முதல் மலேசியர்களின் தனியார் வாகனங்களில் அந்த வில்லையைக் காட்சிக்கு வைக்க வேண்டியதில்லை என்றாகிவிட்டது. உரிமம் மைஜேபிஜே செயலியில் மின்னியல் வடிவில் இருக்கிறது.

வசதிதான், ஐயமில்லை. ஆனால் நாள்தோறும் நினைவூட்டிக்கொண்டிருந்த அந்தத் தாள் போய்விட்டதால், மறப்பது எளிதாகிவிட்டது. அதனால் செயலியில் உங்கள் அடையாள அட்டை எண்ணைக் கொண்டு பதிந்து, உங்கள் பெயரில் உள்ள எல்லா வாகனங்களின் முடியும் நாள்களையும் பார்த்து, கைப்பேசி நாள்காட்டியில் ஒவ்வொன்றுக்கும் ஆறு வாரங்களுக்கு முன் ஒரு நினைவூட்டல் வைத்துவிடுங்கள். முடிவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பிருந்தே புதுப்பிக்கலாம். முன்கூட்டிச் செய்வதால் நாள்கள் நட்டமாவதில்லை. புதிய காலம் பழையது முடிந்த மறுநாளிலிருந்துதான் கணக்காகும். கைப்பேசி பழகாத பெற்றோரின் வாகனங்களுக்குப் பிள்ளைகள்தான் இந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் படி: தடை இருக்கிறதா என்று பாருங்கள்

கட்டாத சம்மன்களுக்காக வாகனமோ உரிமையாளரோ கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்தால் சாலை வரியைப் புதுப்பிக்க முடியாது. சம்மன்கள் இரு இடங்களில் இருக்கலாம் என்பதுதான் பலரைத் தடுமாற வைக்கிறது. போலீஸ் கொடுத்தவற்றை மைபாயார் பி.டி.ஆர்.எம். தளத்தில் பார்க்க வேண்டும். ஜே.பி.ஜே. கொடுத்தவற்றை, நெடுஞ்சாலைக் கேமராக்கள் பிடித்தவை உட்பட, மைஜேபிஜேயில் பார்க்க வேண்டும். ஒன்றில் சுத்தமாக இருப்பது மற்றொன்றிலும் சுத்தம் என்பதற்கு உத்தரவாதமல்ல.

இதைக் காப்புறுதி வாங்குவதற்கு முன்பே செய்துவிடுவது நல்லது. காப்புறுதிக்குப் பணம் கட்டிய பிறகு தடை இருப்பது தெரிந்தால், காப்புறுதி ஓடிக்கொண்டிருக்கும், சாலை வரி இருக்காது, வண்டியை எடுக்க முடியாது. பணம் கட்டியதும் தடை எப்போதும் அந்த நிமிடமே நீங்கிவிடும் என்று நம்பக் கூடாது. கையில் சில நாள்கள் இருக்கட்டும்.

மூன்றாம் படி: காப்புறுதி

இந்தப் படியில்தான் நிதானம் வேண்டும். 2017 ஜூலை முதல், நம் சொந்தக் காரின் சேதத்துக்கும் ஈடு தரும் முழுக் காப்புறுதியின் விலையை நிறுவனங்கள் தாமே வகுத்துக்கொள்ளும் முறை வந்துவிட்டதால், ஒரே காருக்கு, ஒரே ஓட்டுநருக்கு, நிறுவனத்துக்கு நிறுவனம் தொகை மாறுகிறது. குறைந்தது மூன்று இடங்களில் விலை கேட்டுப் பார்க்காமல், பல ஆண்டுகளாக எடுத்து வரும் இடத்திலேயே எடுப்பது பழக்கத்துக்குச் செலுத்தும் வரி.

விலையைக் காட்டிலும் முக்கியமானது காப்புறுதித் தொகை, அதாவது காரை எவ்வளவு மதிப்புக்குக் காப்புறுதி செய்கிறோம் என்பது. அது காரின் இன்றைய சந்தை மதிப்புக்கு இணையாக இருக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், பிரீமியத்தைக் குறைத்துத் தருகிறேன் என்று ஓர் ஏஜெண்ட் சொன்னபோது நான் மகிழ்ந்து ஒப்புக்கொண்டேன். குறைந்தது எதனால் என்று கேட்கவில்லை. 36,000 ரிங்கிட் மதிப்புள்ள காரை அவர் 27,000 ரிங்கிட்டுக்கு எழுதியிருந்தார். அந்த ஆண்டே காஜாங் அருகே ஒரு விபத்து. பட்டறைச் செலவு 8,000 ரிங்கிட். மதிப்பில் முக்கால் பங்குக்குத்தான் காப்புறுதி இருந்தது என்பதால், செலவிலும் முக்கால் பங்காக 6,000 ரிங்கிட்டே கிடைத்தது. மீதி 2,000 ரிங்கிட்டை நான் கட்டினேன். பிரீமியத்தில் மிச்சம் பிடித்தது நூற்றுச் சொச்சம் ரிங்கிட். அன்றிலிருந்து கையெழுத்திடும் முன் நான் முதலில் தேடும் எண் அதுதான்.

சந்தை மதிப்பு, ஒப்புக்கொண்ட மதிப்பு என இரு முறைகள் உண்டு. முதலாவதில், கார் திருடுபோனாலோ முழுதாகச் சேதமடைந்தாலோ அந்த நாளின் சந்தை விலை கணக்கிடப்படும். இரண்டாவதில், தொடக்கத்தில் எழுதிய தொகையே கிடைக்கும். கடன் பாக்கி இன்னும் அதிகமாக உள்ள காருக்கு இரண்டாவது நிம்மதி தரும். பிரீமியம் சற்றுக் கூடலாம்.

அடுத்தது என்.சி.டி., அதாவது இழப்பீடு கோராததற்கான கழிவு. இழப்பீடு கோராமல் ஓராண்டு முடிந்தால் 25 விழுக்காடு. இரண்டாம் ஆண்டில் 30, மூன்றாம் ஆண்டில் 38.33, நான்காம் ஆண்டில் 45, ஐந்தாம் ஆண்டிலிருந்து 55 விழுக்காடு. ஒருமுறை சொந்தச் சேதத்துக்குக் கோரிவிட்டால் மீண்டும் பூஜ்யத்திலிருந்து ஏற வேண்டும். இந்தக் கழிவு காருக்கு உரியதன்று, உங்களுக்கு உரியது. காரை விற்றாலும் அது உங்களோடு வரும். அடுத்த காருக்கு அதை மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1,498 சிசி கார், காப்புறுதித் தொகை 60,000 ரிங்கிட், அடிப்படைப் பிரீமியம் 1,900 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். 55 விழுக்காட்டுக் கழிவு 1,045 ரிங்கிட். மிஞ்சுவது 855. கண்ணாடிக்கு 1,000 ரிங்கிட் அளவுக்குத் தனிக் காப்புறுதி எடுத்தால் அதற்கு 150. வெள்ளக் காப்புறுதிக்கு இன்னொரு 150. ஆக 1,155 ரிங்கிட். இதற்கு 8 விழுக்காடு சேவை வரி 92 ரிங்கிட் 40 சென். முத்திரை வரி 10 ரிங்கிட். காப்புறுதி மொத்தம் 1,257 ரிங்கிட் 40 சென். சாலை வரி 90ஐயும் சேர்த்தால் 1,347 ரிங்கிட் 40 சென். கழிவு பூஜ்யமாக இருந்தால் அதே கார், அதே நாள், 2,476 ரிங்கிட் ஆகும். வேறுபாடு 1,128 ரிங்கிட் 60 சென்.

அதோடு முடிவதில்லை. 55 விழுக்காட்டில் இருந்தவர் ஒருமுறை கோரியதும், பூஜ்யம், 25, 30, 38.33, 45 என்று ஏறி மறுபடியும் 55ஐத் தொட ஐந்து ஆண்டுகள் ஆகும். அடிப்படைப் பிரீமியம் மாறாமல் 1,900 ஆகவே இருக்கிறது என்று கொண்டால், சேவை வரி நீங்கலாக, அந்த ஐந்து ஆண்டுகளில் அவர் இழக்கும் கழிவின் கூட்டுத்தொகை ஏறத்தாழ 2,597 ரிங்கிட். ஆகவே 800 ரிங்கிட் பம்பர் வேலைக்குக் காப்புறுதியைத் தொடுவது நட்டம். கைக்காசில் செய்துவிடுவதே மேல். தவறு முழுவதும் எதிர்த்தரப்புடையது என்றால் ஓ.டி.-கே.எஃப்.கே. என்ற முறையில் கோரலாம். அதில் உங்கள் சொந்த நிறுவனமே பணம் தரும், கழிவும் பறிபோகாது. கண்ணாடிக் காப்புறுதியைத் தனியாக எடுத்திருந்தால் கண்ணாடி மாற்றுவதாலும் கழிவு குறையாது. நெடுஞ்சாலையில் லாரிச் சக்கரத்திலிருந்து தெறிக்கும் ஒரு கல் போதும் என்பதால், இதை நான் விடுவதே இல்லை.

வெள்ளத்துக்கான காப்புறுதி, சாதாரண முழுக் காப்புறுதியில் அடங்காது. 'சிறப்பு ஆபத்துகள்' என்ற பெயரில் தனியாகச் சேர்க்க வேண்டும். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீட்டுக் கூரை வரை தண்ணீர் ஏறியதை நாம் எல்லோரும் பார்த்தோம். வரிசை வரிசையாக நின்ற கார்கள் சேற்றில் மூழ்கின. இந்த ஒரு பிரிவு சேர்த்திருந்தவர்களுக்கு வழி இருந்தது. மற்றவர்கள் மூழ்கிய காருக்கு மாதத் தவணையும் கட்டிக்கொண்டிருக்க நேர்ந்தது. ஆற்றங்கரைத் தாமானில் இருப்பவர்கள் மட்டுமல்ல, நிலத்தடி வாகன நிறுத்தத்தில் வண்டி விடுபவர்களும் இதைச் சேர்க்க வேண்டும் என்பேன்.

உங்கள் காரில் பயணம் செய்பவர்களுக்கான பொறுப்பும் கட்டாயக் காப்புறுதியில் அடங்குவதில்லை. சிறு தொகைதான் கூடும். பிள்ளைகளைப் பள்ளிக்கும் உறவினரைக் கோயிலுக்கும் ஏற்றிச் செல்பவர்கள் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். பாலிசியில் பெயர் குறிப்பிடாத ஒருவர், அல்லது 21 வயதுக்குக் குறைந்தவர், அல்லது புதிய ஓட்டுநருக்கான பி உரிமம் வைத்திருப்பவர் ஓட்டும்போது விபத்து நேர்ந்தால் முதல் 400 ரிங்கிட்டை நீங்கள் ஏற்க வேண்டியிருக்கும். மகன் அடிக்கடி வண்டி எடுக்கிறார் என்றால் அவருடைய பெயரையும் எழுதச் சொல்லுங்கள். ஐந்து ஆண்டைக் கடந்த கார்களுக்குப் புதிய உதிரிப் பாகம் போட்டால் அதன் விலையில் ஒரு பங்கை உரிமையாளர் ஏற்கும் விதியும் உண்டு. ஐந்தாம் ஆண்டில் 15 விழுக்காடாகத் தொடங்கி, பத்தாம் ஆண்டில் 40 விழுக்காடு வரை போகும். கூடுதல் பிரீமியம் கட்டி இதை நீக்கிக்கொள்ள இயலுமா என்று கேட்டுப் பாருங்கள்.

பணம் கட்டும் முன், பதிவு எண், அடையாள அட்டை எண், இயந்திர எண், சேசிஸ் எண் நான்கையும் கிராண்ட்டோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். காப்புறுதி விவரம் மின்னியல் முறையில் நேரே ஜே.பி.ஜே.யின் கணினிக்குப் போகிறது. பூஜ்யத்துக்குப் பதில் ஓ என்று ஓரிடத்தில் விழுந்தாலும், அடுத்த படியில் பதிவு இல்லை என்று வந்து நிற்கும்.

நான்காம் படி: சாலை வரியைச் செலுத்துவது

இதற்குள் வேலையில் பெரும்பகுதி முடிந்துவிட்டது. காப்புறுதி ஜே.பி.ஜே. கணினியில் ஏறியதும் மைஜேபிஜே செயலியில் வாகனத்தைத் தேர்ந்தெடுத்து, காலத்தைக் குறித்து, வங்கிக் கணக்கிலிருந்தோ அட்டையிலிருந்தோ கட்டிவிடலாம். இணையம் பழகாதவர்கள் அஞ்சலகத்துக்குப் போகலாம். காப்புறுதி எடுக்கும் இடமே சாலை வரியையும் சேர்த்துச் செய்து தருவதும் உண்டு. அங்கே சேவைக் கட்டணம் எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். 90 ரிங்கிட் வரிக்குப் பெரிய சேவைக் கட்டணம் கொடுப்பதில் பொருளில்லை. தனிநபர் பயன்படுத்தும் காருக்கு ஆண்டுதோறும் வாகனப் பரிசோதனை தேவையில்லை.

ஆறு மாதத்துக்கு மட்டும் எடுக்கவும் வழி உண்டு, வரி பாதியாகும். ஆனால் குறுகிய காலக் காப்புறுதிக்கு நிறுவனங்கள் ஓராண்டுத் தொகையில் பாதிக்கு மேல் வாங்குவதால், கார் விரைவில் விற்கப்படப் போகிறது என்பது போன்ற காரணம் இருந்தாலொழிய அது கட்டுப்படியாகாது.

கட்டி முடித்ததும் செயலியைத் திறந்து புதிய தேதி வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டே வண்டியை எடுங்கள். தேதி மாறவில்லை என்றால் ரசீதை வைத்துக்கொண்டு அன்றே கேட்டுவிடுவது நல்லது. பாலிசி ஆவணத்தையும் ரசீதையும் குடும்பத்தில் இன்னொருவரின் கைப்பேசிக்கும் அனுப்பி வைக்கவும். விபத்து நேரத்தில் அதைத் தேடுபவர் நீங்களாக இருக்க வேண்டும் என்பதில்லை.

வண்டி கைமாறும்போது

பழைய காரை வாங்கும்போது, விற்பவரின் காப்புறுதி காரோடு உங்களுக்கு வருவதில்லை. பெயர் மாற்றத்துக்கு முன்பே உங்கள் பெயரில் புதிய காப்புறுதி எடுக்க வேண்டும். விற்பவர் தம் பாலிசியை ரத்து செய்து எஞ்சிய காலத்துக்கான தொகையைத் திரும்பக் கேட்கலாம். தம் கழிவையும் காப்பாற்றிக்கொள்ளலாம். நண்பருக்குள்தானே என்று பெயர் மாற்றாமல் வண்டியையும் சாவியையும் கொடுத்துவிடுவது இருவருக்கும் ஆபத்து. சம்மன்கள் பழைய உரிமையாளரின் பெயருக்கே வரும். கறுப்புப் பட்டியலில் விழுபவரும் அவரே.

தாய்லாந்துக்குக் காரில் போகிறவர்களுக்கு ஒரு சொல்: மலேசியப் பாலிசி மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் புருணையிலும்தான் செல்லும். எல்லையைத் தாண்டும் முன் பாலிசியை நீட்டித்துக்கொண்டு, தாய்லாந்துக்கான கட்டாயக் காப்புறுதியையும் எடுத்திருக்க வேண்டும்.

உரிமையாளர் காலமான பிறகும் அவர் பெயரிலேயே ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய உண்டு. பணம் கட்டும்போது யாரும் தடுப்பதில்லை என்பதால் எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். இழப்பீடு கோரும் நாளில்தான், ஒப்பந்தம் செய்தவர் உயிரோடு இல்லை என்ற கேள்வி எழுந்து எல்லாம் நின்றுபோகும். என் தந்தையாரின் 659 சிசி கஞ்சில் காருக்கு ஆண்டு வரி 20 ரிங்கிட்தான். அவர் மறைந்த பிறகு இரண்டு ஆண்டுகள் நாங்களும் அப்படியே அவர் பெயரில் கட்டிக்கொண்டிருந்தோம். விபத்து எதுவும் நேராதது எங்கள் நல்வாய்ப்பு. பின்னர் இறப்புச் சான்றிதழையும் கிராண்டையும் வாரிசுகளின் அடையாள அட்டை நகல்களையும் எடுத்துக்கொண்டு இறந்தவர்களின் சொத்துகளை நிர்வகிக்கும் அமானா ராயா நிறுவனம் வழியாக விண்ணப்பித்து, உத்தரவு கையில் வந்ததும் பரிசோதனை முடித்து, என் தாயாரின் பெயரில் காப்புறுதி எடுத்து, ஜே.பி.ஜே.யில் பெயரை மாற்றினோம். சொத்துகளுக்கு உயில் இருந்தாலோ, நிலமும் சேர்ந்திருந்தாலோ நீதிமன்றத்தின் அல்லது நில அலுவலகத்தின் உத்தரவு தேவைப்படும். எந்த வழியானாலும் மாதக்கணக்கில் ஆகும் என்பதால், ஈமக் கடன்கள் முடிந்த கையோடு விண்ணப்பத்தைத் தொடங்கிவிடுங்கள். உத்தரவு வரும் வரை அந்தக் காரை யாரும் சாலையில் எடுக்காமல் வீட்டு முற்றத்திலேயே நிறுத்தி வையுங்கள்.